கார்க் கதவின் அகலம் விட்டுச் செல்க

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாக ஊராருடைய கடிதங்களை ஒட்டியது ஒட்டியபடியே அவரவர் கையில் சேர்ப்பித்து வருகிறவள் நான். என் கடிதத்தை மட்டும் திறந்தே தருகிறேன். நீ படிக்கலாம். உன்னை மணக்கவிருக்கும் பியூலா படிக்கலாம். அவளைப் பெற்ற ஜெபராஜ் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படிக்கலாம். அவர் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம் என்பதை மறைக்கப்போவதில்லை.

இன்று சனிக்கிழமை. நாளைக் காலை ஆராதனையில் உங்கள் திருமணத்தைச் சபைக்கு அறிவிக்கும் மூன்றாவது, கடைசி ஓலை வாசிக்கப்படும். பெண்ணின் பெயரையும் பையனின் பெயரையும் சொல்லிவிட்டு, இவர்களை இணைப்பதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர் உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்பார். சபை மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தில் உன் தாய் எழுந்து நிற்பாளா, உட்கார்ந்திருப்பாளா என்பது, நாளை ஆராதனை மணி அடிப்பதற்குள் உன் மாமனார் செய்யப்போகும் ஒரு காரியத்தைப் பொறுத்தது. நீ கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பதற வேண்டாம். உன் திருமணம் நடக்கும். அது எப்படி நடக்கும் என்பதே கேள்வி.

நீ கேட்டது வேறு. "அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் நானும் பியூலாவும் தெனமும் காலையில சைக்கிள் ஓட்டலாம்னு இருக்கோம். நீ எத்தன வருசம் ஓட்டினவ, நாலு விஷயம் எழுதித் தாயேன்" என்று தொலைபேசியில் சிரித்தாய். எழுதுகிறேன். ஆனால் நான் அறிந்த ஒவ்வொன்றும் ஏதாவதொரு தழும்பின் வழியாகவே என்னிடம் வந்தது. அவற்றில் ஒரு தழும்புக்கு உரியவர் உன் மாமனார்.

முதலில் இருக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தபால் பட்டுவாடா வேலைக்கு மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று அறிவிப்பில் கண்டிருந்தது. எனக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் தெரியும் என்று எழுதிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, அடுப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துத் தனித்தேர்வில் பத்தாம் வகுப்பு தேறியவளுக்கு, இரண்டு சக்கரம் ஒரு பொருட்டா என்கிற திமிர். உன் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு கன்னடியன் கால்வாய்க் கரையில் பத்தொன்பது விடியற்காலைகளில் நானே கற்றேன். விழுந்தால் கால் ஊன்ற வேண்டுமே என்று இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டேன். பிறகு ஏற்ற மறந்தேன். பத்து ஆண்டுகள் முழங்கால் வலித்தது. வண்டியின் குற்றத்தை வயதின் மேல் போட்டேன். நீ அப்படிச் செய்யாதே. இருக்கையில் அமர்ந்து, பெடல் கீழே வரும்போது குதிகாலை அதன்மேல் வை. கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. அதுதான் உன் உயரம். யாருக்காகவும் அதை இறக்கிக்கொள்ளாதே.

காற்று, பிரேக், சங்கிலி மூன்றையும் புறப்படுமுன் பார். உங்கள் மெல்லிய டயர்களில் காற்று சீக்கிரம் இறங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது போதாது, அளவு காட்டும் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடி. இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் இறுக்கியவனுக்கு மண்ணின் ருசி தெரியும். மழையில் நனைந்த சங்கிலியை அன்றே துடைத்து எண்ணெய் இட்டு, மிஞ்சிய எண்ணெயையும் துடைத்துவிடு. எண்ணெய் வழிகிற சங்கிலியில் புழுதி அப்பும். மாற்று டியூபும் டயரைக் கழற்றும் நெம்பியும் உன் பையிலேயே இருக்கட்டும். களக்காட்டுச் சாலையில் நினைத்த இடத்தில் கடை கிடைக்காது.

டயருக்குள் விரல் விடு என்பது இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே நாளில் மூன்று முறை பஞ்சர். மூன்றாவது முறை பஞ்சர் ஒட்டுகிறவர் என்னைப் பார்த்து, "டியூப மாத்திட்டே இருக்கியே தாயி, உள்ள இருக்க முள்ள யாரு எடுப்பா, ஒங்க ஆபீசரா?" என்று கேட்டார். சீமைக்கருவேல முள் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. புது டியூப் மாட்டுமுன் டயரின் உட்புறம் முழுதும் விரலால் தடவிப் பார். குத்தும், குத்தட்டும். அகப்பட்டதைப் பிடுங்கிய பிறகே புதியதை மாட்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் செய்துகொண்டிருப்பதும் இதுதான்.

அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற வேண்டி வந்தால் திருப்பாதே, பிரேக் பிடிக்காதே, நேராகப் போய்விடு. வாழைத்தார் லாரி நின்று போன இடத்தில் சருகும் மட்டையும் கிடக்கும், ஈரமான மட்டை சோப்புக்கட்டியைவிட மோசம். தண்டவாளத்தைக் குறுக்காகவே கட, சாய்வாகக் கடந்தால் சக்கரம் இடுக்கில் இறங்கும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். போகும்போது எதிர்காற்றில் போ, திரும்பும்போது அது உன்னைத் தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்கிறவன் களைத்த உடம்போடு காற்றிடம் கெஞ்சுவான். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடி. பேருந்து நிற்கும்போது இடப்பக்கமாகப் புகாதே, அந்தப் பக்கம்தான் ஆள் இறங்கும். சாலையின் ஓரத்தோடு ஒட்டி ஒடுங்கிப் போகாதே. ஓரத்தில் மணலும் பள்ளமும் கண்ணாடித் துண்டும் உண்டு. தவிரவும், ஒடுங்கிப் போகிறவனை இன்னும் ஒடுக்கவே பின்னால் வருகிறவனுக்குத் தோன்றும். உனக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் போ.

ஆடு குறுக்கே வந்தால் அதன் முகத்துக்கு முன்னால் போகாதே, வாலுக்குப் பின்னால் போ. ஆடு முன்னோக்கித்தான் ஓடும். இந்த இடத்தில் உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நான் தோளில் கட்டோடு வீட்டில் கிடந்தேன், நினைவிருக்கிறதா? ஆடு குறுக்கே பாய்ந்து விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ ஒரு மாதம் தெருவில் கண்ட ஆட்டையெல்லாம் கல்லால் அடித்தாய். "எங்கம்மாவத் தள்ளிவிட்டது நீதானல?" என்று ஒரு கிடாவை நீ வழிமறித்து விசாரித்ததை எதிர்வீட்டார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆடு எதுவும் குறுக்கே வரவில்லை, மகனே. வந்தது ஒரு கார்க் கதவு.

அன்று சந்தை நாள். தபால் பையோடு சந்தை முக்கைக் கடந்துகொண்டிருந்தேன். சாலையோரம் நின்ற வெள்ளைக் காரின் ஓட்டுநர் பக்கத்துக் கதவு, நான் அதை நெருங்கிய அந்த நொடியில் திறந்தது. இடது கைப்பிடி அதில் மோதி, நான் வலது தோள் கீழாகச் சாலையில் விழுந்தேன். முன்சக்கரம் நெளிந்து சுழலாமல் நின்றுவிட்டது. காரிலிருந்து இறங்கியவர் ஜெபராஜ் அண்ணாச்சி. அரிசி ஆலைக்குச் சொந்தக்காரர், கோயிலில் முன்பெஞ்சுக்காரர். முதலில் அவர் குனிந்து பார்த்தது கதவை.

"ஏளா, கண்ண எங்கன வச்சிருக்க? கதவப் பாரு!"

"அண்ணாச்சி, நீங்கதான பாக்காமத் தொறந்தீய."

"என் கதவத் தொறக்க ஒன்ட்ட உத்தரவு கேக்கணுமோ? பொம்பளைக்கு எதுக்குளா சைக்கிளு? மேலே எழுதிப் போட்டேம்னா நாளைக்கு இந்தப் பை ஒன் தோள்ல இருக்காது, தெரிஞ்சுக்கோ."

கூட்டம் கூடிவிட்டது. பெரிய மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ, விஷயம் முடிந்தது என்றார்கள். நான் அப்போது பதிலி ஆள்தான், வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. நீ ஆறு வயதுப் பிள்ளை. உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி தொடங்கியிருந்த நேரம். நான் சொன்னேன்: "என் மேலதான் தப்பு, அண்ணாச்சி."

"பாத்தியளாவே, அவளே சொல்லுதா" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். வலக்கை தூக்க முடியவில்லை. உருளாத முன்சக்கரத்தை இடக்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தை முக்கிலிருந்து கோயில் வழியாக நம் தெருவரைக்கும் அந்த வண்டியை நடத்தி வந்தேன். காறை எலும்பு முறிந்திருக்கிறது என்று மறுநாள்தான் தெரிந்தது. உன் அப்பா, "விட்டுருளா, பெரிய எடம்" என்றார். நான் விடவில்லை. அந்த வண்டியைப் பழுது பார்க்கவும் இல்லை. பின்புறக் கூரைக்கடியில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். அப்பா இறந்த பிறகு, அவர் நினைவாக வைத்திருக்கிறேன் என்று நீ நினைத்தாய். அதுவும் நான் திருத்தாமல் விட்ட ஒரு பொய்.

விழுந்ததையாவது மறந்திருப்பேன். என் வாயாலேயே என்னைக் குற்றவாளியாக்கியதை எப்படி மறப்பது? ஆகவே மறக்காமல் இருப்பதற்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டேன். அவருடைய கடிதம் ஒன்றைக்கூட நான் தாமதப்படுத்தியதில்லை, கசக்கியதில்லை. என் பழி விதிகளுக்கு உட்பட்டது. பதிவுத் தபால் வந்தால் பெறுநர் கையொப்பம் அவசியம். அவர் வீட்டு வேலையாளிடம் கொடுக்க மாட்டேன். வெயிலானாலும் மழையானாலும் வாசலில் நின்று மணியடிப்பேன். அவரே சாப்பாட்டிலிருந்து எழுந்து, கை கழுவி, வாசல்வரை வந்து, என் முன்னால் குனிந்து கையெழுத்திட வேண்டும். "எங்க போடணும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "உங்க பேருக்கு நேரா" என்பேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் அவர் என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டதில்லை.

பிறகு, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நீ ஒரு மாலை என் முன்னால் வந்து நின்றாய். சேரன்மகாதேவிப் பாலத்தில் காலையில் மிதிவண்டி ஓட்டுகிறவர்களோடு ஒரு பெண் வருகிறாள் என்றாய், பெயர் பியூலா என்றாய், இன்னாருடைய மகள் என்று தயங்கிச் சொன்னாய். நான் மறுப்பேன் என்று பயந்தாய். உடனே சம்மதித்தேன். உனக்கு ஆச்சரியம். எனக்கு எவ்விதக் குழப்பமும் இல்லை: அவர் என் வாசற்படி ஏறி வரவேண்டிய நாள் வந்துவிட்டது என்று மட்டுமே நினைத்தேன். உன் மகிழ்ச்சி எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. இதற்காக நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம், உனக்கு உரிமை உண்டு. ஆனால் பியூலாவை முதன்முதலில் பார்த்தபோது, வண்டியை விட்டு இறங்கியதும் கையுறையால் டயரைத் துடைத்து முள் இருக்கிறதா என்று பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என் பெண். தகப்பனுடைய கதவுக்கு அவள் பொறுப்பில்லை.

முதல் ஓலையன்று நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் ஓலையில் போதகர் தடையைப் பற்றிக் கேட்ட உடனே, நான் எழுந்து நின்றேன். சபையே திரும்பியது. முன்பெஞ்சில் அண்ணாச்சியின் பிடரி வியர்த்ததை என் இடத்திலிருந்து கண்டேன். நான் நிதானமாக நடந்து சென்று, பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்து உட்கார்ந்தேன். திங்கட்கிழமை காலை அவர் நம் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நேத்து ஜன்னலச் சாத்தத்தான எந்திச்சிய?"

"சாரல் அடிச்சுது, அண்ணாச்சி."

"மழையே இல்லியே."

"உங்க பெஞ்சுக்குத் தெரிஞ்சிருக்காது."

நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் ஆச்சே இருவது வருசம்…" என்று இழுத்தார்.

"இருபத்திரண்டு."

"இன்னுமா அத மனசுல வச்சிருக்கிய?"

"மனசுல வைக்கல, அண்ணாச்சி. பின்னால கூரைக்கடியில வச்சிருக்கேன். வாங்க, காட்டுதேன்."

சாக்கை எடுத்துக் காட்டினேன். பிறகு என் நிபந்தனையைச் சொன்னேன். மூன்றாம் ஓலையன்று காலை, கோயிலுக்கு எல்லாரும் போகிற நேரத்தில், இந்த வண்டியைச் சந்தை முக்கிலிருந்து கோயில் வாசல்வரை அவர் கொண்டுவர வேண்டும். வேறொருவர் கை படக்கூடாது. வழியில் யார் என்னவென்று கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

"எனக்கு வயசு எழுவது, தங்கச்சி."

"அன்னைக்கு எனக்கு எலும்பு முறிஞ்சிருந்துச்சு. உங்களுக்கு முறியலல்லா?"

"சபையில அம்புட்டு பேரும் பாப்பாவளே."

"அதுக்குத்தான், அண்ணாச்சி."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று மாலை அவருடைய ஆலை வேன் வந்து வண்டியைச் சந்தை முக்குக்கு ஏற்றிச் சென்றது. வருவாரா, இல்லை வண்டியைத் தொலைத்துவிடுவாரா, தெரியாது. மீதியை நாளை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.

வந்தார். நான் முன்னதாகவே போய்ச் சந்தை முக்கில் காத்திருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முன்சக்கரத்தைத் தூக்கியதுமே சட்டை நெடுகத் துரு ஒட்டிக்கொண்டது. நான் பத்தடி பின்னால் நடந்தேன். முதலில் எதிர்ப்பட்டவர், "என்ன அண்ணாச்சி, சைக்கிள் உங்களச் சுமக்கும்னு பாத்தா நீங்க சைக்கிளச் சுமக்கிய?" என்று கேட்டார். "சோலி இருக்கு, நீ போவே" என்றார் அவர். அடுத்துக் கேட்டவரிடம், பழைய இரும்புக்கு என்றார். மூன்றாவதாகக் கேட்ட இரண்டு பெண்களுக்குக் காது கேளாதவர்போல நடந்தார். நிபந்தனை மூன்று இடத்தில் உடைந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிற மனிதர் இவர். நான் என் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஆராதனையில் எழுந்து நிற்பது என்று முடிவாகிவிட்டது.

தன் ஓலை வாசிக்கப்படும் நாளில் பெண் கோயிலுக்கு வருவதில்லை என்பது நம் சபை வழக்கம். அதனால் பியூலா காலையிலேயே களக்காட்டுப் பக்கம் மிதிவண்டியில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். தலைக்கவசத்தோடு எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, என்னது இது?"

அவர் முன்சக்கரத்தை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

"அத்தை, யார் சைக்கிள் இது?"

"என்னுதும்மா. என்ன ஆச்சுன்னு அப்பாட்ட கேளு."

அவளிடம் சோலி இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. பழைய இரும்பு என்றும் சொல்ல முடியவில்லை. வண்டியைக் கீழே வைத்தார். சாலையில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

"நான் காரு கதவப் பாக்காமத் தொறந்துட்டேன். அத்த விழுந்துட்டா."

"அத்தைதான் மோதுனாங்கன்னு நம்ம வீட்டுல சொல்லுவீங்களே? அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு?"

"நாந்தான் சொல்ல வச்சேன்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். நின்றவர்கள் அனைவரும் கேட்டார்கள்.

பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிடட்டா?" என்றாள். "வேண்டாம்மா, அப்பாவே கொண்டு வரட்டும்" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அதில் கோபம் இருந்தது. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பிறகு தன் வண்டியை உருட்டிக்கொண்டு, தகப்பனுக்கும் எனக்கும் நடுவில், கோயில் மதில்வரை நடந்து வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். அதற்குப் பின் வழியில் கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர் உண்மையையே சொன்னார். கடைசியாகக் கேட்டவர் கோயில் மணி அடிப்பவர்.

போதகர் ஓலை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். முன்பெஞ்சிலிருந்து அண்ணாச்சி முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. நான் எழவில்லை. இதைக் கருணை என்று யாரிடமும் சொல்லிவிடாதே. முள் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். உன் ஓலையை நான் ஆயுதமாக எடுத்தேன். எடுத்ததற்கு வருந்தவில்லை. உன்னிடம் சொல்லாமல் எடுத்ததற்கு வருந்துகிறேன்.

கடைசிப் பாடம் இது. நிற்கிற காரைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் விட்டே போ. உள்ளே தலை தெரிகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார், தெரிந்தால் மணியடி. நீ கார் ஓட்டும் நாளில், ஓட்டுநர் பக்கத்துக் கதவை வலக்கையால் திறக்காதே, இடக்கையால் திற. இடக்கை குறுக்கே நீளும்போது உடம்பு தானாகத் திரும்பும், உடம்போடு கண்ணும் பின்னால் போகும். வருகிறவர் தெரிவார். ஆராதனை முடிந்து வாசலில் இதை உன் மாமனாருக்கும் ஒரு முறை விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார்.

சற்று முன்பு சம்பந்தி முறைக்குப் பலகாரத் தட்டோடு வந்தார். கார் நம் வாசலில் நின்றது. நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவருடைய வலக்கை கதவுக்குப் போயிற்று. என்னைக் கண்டதும் நின்றது. கை பின்வாங்கி, இடக்கை குறுக்கே வந்தது. எழுபது வயது உடம்பு சிரமப்பட்டுத் திரும்பி, சாலையைப் பார்த்தது. பின்னால் ஓர் ஆடு மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது காரைத் தாண்டி, என் வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பும்வரை அவர் உள்ளேயே காத்திருந்தார். பிறகு இறங்கினார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி அவர் எங்கே இறங்கினாலும் பார்ப்பேன். சம்பந்தியாகிவிட்டோமே.

உன் தாய்.